வேட்டைக்கு நல்ல மசில்லோடர் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹாயோ பக்கம் மான் வேட்டைக்குப் போகும் தமிழ் நண்பர்கள் புதிதாக மசில்லோடர் (குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கி) வாங்கும்போது என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில்களை எழுதிவைத்திருக்கிறேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, வருடத்துக்கு வருடம் மாறும். இங்கே சட்டம் பற்றி வரும் எதையும் உங்கள் மாநிலத்தின் இந்த ஆண்டு வேட்டைக் கையேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்துல போய் குழல் வாய் வழியா மருந்து போட்டுச் சுடுற துப்பாக்கி எதுக்குங்க?

கூடுதல் நாட்களுக்காக. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் மான் வேட்டைக்கு வில், துப்பாக்கி, மசில்லோடர் என்று தனித்தனிப் பருவம் ஒதுக்குகின்றன. ஒஹாயோவில் ஜனவரித் தொடக்கத்தில் மசில்லோடருக்கென்றே சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் காட்டில் கூட்டம் குறைவு. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் எல்க் (பெரிய வகை மான்) வேட்டைக்குக் குலுக்கலில் சீட்டு வாங்க வேண்டும். அங்கே மசில்லோடர் பிரிவுக்கு விண்ணப்பிப்பவர்கள் பல இடங்களில் குறைவு என்பதும் ஒரு காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே ஒரு குண்டுதான், அடுத்ததை நிரப்ப அரை நிமிடமாவது ஆகும் என்று தெரிந்தால் மனிதன் பொறுமையாகச் சுடுகிறான். இது எனக்குப் பிடித்த காரணம், எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

"மாடர்ன்" மசில்லோடர்னா என்ன? பழசுலேர்ந்து எது மாறிச்சு?

பழைய வகையில் சுத்தியல் குழலின் பக்கவாட்டில் இருக்கும். சிக்கிமுக்கிக் கல்லோ சிறிய தொப்பி போன்ற கேப்போ பற்றி, அந்த நெருப்பு வளைந்து உள்ளே போய் மருந்தைத் தொட வேண்டும். ஈரம் பட்டால் "டிக்" என்ற சத்தத்தோடு சரி. நவீன வகையில் நெருப்பு மருந்துக்கு நேர் பின்னாலிருந்து, ஒரே நேர்கோட்டில் பாய்கிறது. அதனால்தான் இன்லைன் என்கிறார்கள். நேர்கோட்டு யோசனை அதற்கு முன்பே இருந்தது என்றாலும், வேட்டைக்காரர்கள் கைக்கு அதைக் கொண்டுசேர்த்தது மிசௌரிக்காரர் டோனி நைட் 1985-ல் கொண்டுவந்த எம்கே-85.

இப்போதைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஷாட்கன் தோட்டாவில் இருக்கும் 209 பிரைமரையே (அடித்தால் நெருப்புத் தரும் சிறு கிண்ணம்) பயன்படுத்துகின்றன. பழைய கேப்பைவிட மிகச் சூடான நெருப்பு அது. மற்றபடி அடிப்படை மாறவில்லை: மருந்து முதலில், குண்டு அடுத்து, இரண்டும் வாய் வழியாக, ராம்ராட் கம்பியால் இடித்து இறக்க வேண்டும்.

நம்ம ஊர்ல நரிக்குறவர்கள் வச்சிருந்த துப்பாக்கியும் இதுவும் ஒண்ணுதானே?

குடும்பம் ஒன்று, தலைமுறை வேறு. அவர்கள் வைத்திருந்தது உரிமத் தாள்களில் எஸ்.பி.எம்.எல் (சிங்கிள் பேரல் மசில் லோடிங்) என்று வரும் ஒற்றைக் குழல் துப்பாக்கி. உட்புறம் வழவழப்பு, பக்கச் சுத்தியல், கருமருந்தைக் கெட்டித்து ரவை போட்டுச் சுடுவது. இங்கே நாம் பேசுவது குழலுக்குள் சுருள் வரி வெட்டிய ரைஃபிள். ஒரே குண்டு, 100 கெஜத்தில் உள்ளங்கை அளவுக் குறியை அடிக்கக்கூடியது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை தடை, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் அமெரிக்காவைப் பற்றியது மட்டுமே.

எச்-1பி விசாவுல இருக்கேன் அண்ணா. வாங்கலாமா?

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கருமருந்துக்காகவோ அதன் மாற்றுகளுக்காகவோ வடிவமைத்த, தோட்டா போட முடியாத மசில்லோடர் கூட்டாட்சிச் சட்டத்தின் "துப்பாக்கி" கணக்கில் வராது. அதனால்தான் பல மாநிலங்களில் அது நேராக வீட்டுக்கே பார்சலில் வருகிறது.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, தாம்சன் சென்டர் என்கோர் போல, குழலை மாற்றினால் சாதாரண ரைஃபிளாகிவிடும் சட்டகம் சட்டப்படி முழுத் துப்பாக்கிதான். அதற்குப் பின்னணிச் சோதனை உண்டு. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட துப்பாக்கி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. இரண்டு, நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்கள் மசில்லோடரையும் துப்பாக்கியாகவே நடத்துகின்றன. எப்படியும் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை முதலில் முடித்து உரிமம் எடுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

சரி, கடையில பத்து மாடல் தொங்குது. முதல்ல எதைப் பாக்கணும்?

பின்பக்கத்தை. எல்லோரும் குழலையும் ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் பார்க்கிறார்கள். மசில்லோடரின் தரம் தெரிவது பிரீச் பிளக் என்ற அந்தப் பெருவிரல் அளவுத் திருகாணியில். குழலின் பின்வாயை அடைப்பது அதுதான், பிரைமர் உட்காருவதும் அதில்தான். விசையை இழுத்ததும் மருந்து பற்றுமா என்பதும், சுட்ட பிறகு குழலை நேராகச் சுத்தம் செய்ய முடியுமா என்பதும் அதைப் பொறுத்தவை.

கடைக்காரரிடம் கேட்டு அதைக் கழற்றிப் பாருங்கள். நல்ல பிளக் கையாலேயே, அல்லது சின்ன ஸ்பேனரால் லேசாக, திரும்ப வேண்டும். மரைகள் ஆழமாகவும் கூர் மழுங்காமலும் இருக்கட்டும். பிரைமரை வைத்து மூடினால் இடைவெளி இல்லாமல் இறுக்கமாக உட்கார வேண்டும். அங்கே இடுக்கு இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் புகை பின்னால் பீறிட்டு ஸ்கோப்பின் அடிப்பகுதியைக் கரியாக்கும், பற்றவைப்பும் வெடிக்கு வெடி மாறும். பிளக்கைப் பார்த்த பிறகு விசை: இழுத்தால் இழுபடாமல் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் விட வேண்டும். மூன்றாவதுதான் குழல். கட்டையின் நிறம், காட்டு இலை அச்சு இதெல்லாம் கடைசி.

பிரேக் ஆக்‌ஷனா, போல்ட் ஆக்‌ஷனா?

பிரேக் ஆக்‌ஷன், அதாவது நடுவில் மடித்துத் திறப்பது. பிரைமரை வைப்பது சுலபம், திறந்தவுடன் பிளக் கண்முன் இருக்கும், கையுறையோடு வேலை செய்யலாம். சிவிஏ வுல்ஃப், ஆப்டிமா, அக்யூரா, டிரடிஷன்ஸின் பல மாடல்கள் எல்லாம் இந்த வகை. போல்ட் வகையில் நல்ல துப்பாக்கிகள் உண்டு, துல்லியமும் உண்டு. ஆனால் புகைக் கரி போய் ஒளிந்துகொள்ள மூலை அதிகம். முதல் துப்பாக்கிக்கு நான் பிரேக் ஆக்‌ஷனைத்தான் சொல்வேன்.

.45, .50, .54... எந்தக் காலிபர்?

.50. குண்டு, மருந்து, பிளாஸ்டிக் உறை எல்லாம் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைப்பது இதற்குத்தான். வெள்ளைவால் மானுக்கு .45-ம் தாராளமாகப் போதும், ஆனால் எல்க்குக்குக் கொலராடோ குறைந்தபட்சம் .50 கேட்கிறது. என்றாவது மேற்கே போகும் எண்ணமிருந்தால் இப்போதே .50 வாங்கிவிடுவது நல்லது. .54 பெரும்பாலும் பழைய பாணிக்காரர்களுடையது.

1:28, 1:48-னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

குழலுக்குள் சுருள் வரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு. 1:28 என்றால் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று, வேகமான முறுக்கு. நீளக் குண்டு தலைகீழாகப் புரளாமல் போக வேகமாகச் சுழல வேண்டும், ஆகவே இன்றைய இன்லைன்கள் பெரும்பாலும் 1:28-தான். துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 1:66 போன்ற மெதுவான முறுக்கு ஏற்றது. 1:48 இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சமரசம். நீளக் குண்டு போடப்போகிறீர்கள் என்றால் 1:28-ஐத் தவிர வேறு தேட வேண்டாம்.

குழல் நீளமா இருந்தா நல்லதா?

24 முதல் 28 அங்குலம் போதும். நீளம் கூடினால் வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் மரத்தின் மேல் கட்டிய பரணில் உட்கார்ந்து திரும்பும்போது இடிக்கும். ஸ்டெயின்லெஸ் குழலோ துரு தாங்கும் நைட்ரைடு பூச்சோ இருந்தால் காசு கொடுக்கலாம். ஏன் என்பது கீழே சுத்தம் பற்றிய பதிலில் வருகிறது.

தூளா, பெல்லட்டா? எந்த மருந்து?

பெல்லட் என்பது 50 கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிற்றலகு) அளவுக்கு அழுத்திய உருளை. இரண்டு போட்டால் 100. குளிரில் விரல் விறைத்திருக்கும்போது வசதி. தூளில் 5 கிரெயின் ஏற்றி இறக்கி உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்த அளவைக் கண்டுபிடிக்கலாம். துல்லியம் வேண்டுமானால் தூள்.

கருமருந்துக்கு மாற்றாக வரும் பெயர்களில் பைரோடெக்ஸ், டிரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209 மூன்றும் அடிக்கடி காதில் விழும். டிரிபிள் செவன் அதே கன அளவுக் கருமருந்தைவிட வலுவானது, வெறும் தண்ணீரிலேயே கழுவலாம். ஆனால் குண்டு உட்காரும் இடத்தில் கெட்டியான கரி வளையம் கட்டும். முதல் வெடிக்குப் பிறகு இரண்டாவது குண்டை இறக்கும்போது, அடிக்குச் சற்று மேலே கம்பி ஒரு படியில் தட்டி நிற்பது கையில் தெரியும். வெடிக்கு வெடி ஒரு ஈரத்துணி ஓட்டினால் போய்விடும். பிளாக்ஹார்ன் விலை அதிகம், அழுக்கு மிகக் குறைவு. துடைக்காமலே பல குண்டு சுடலாம். அது பற்றுவதற்குச் சூடான 209 பிரைமரும் அதற்கேற்ற பிளக்கும் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்த அளவுகள் எல்லாம் கன அளவு, தராசு எடை அல்ல. கருமருந்துக்கு அடையாளமிட்ட அளவுக்குழாயில் 100 வரை பிளாக்ஹார்ன் நிரப்பினால் அதன் எடை சுமார் 70 கிரெயின்தான். யாரோ "100 கிரெயின்" என்று சொன்னதைக் கேட்டுத் தராசில் 100 நிறுத்திப் போட்டால் ஆபத்து.

பெட்டியில "150 கிரெயின் மேக்னம்"னு போட்டிருக்கு. போட்டாத்தானே நல்லது?

போடலாம் என்பது வேறு, போட வேண்டும் என்பது வேறு. மூன்று பெல்லட் போட்டால் உதை தோளைப் பெயர்க்கும், வேகம் அந்த அளவுக்கு ஏறாது. பல துப்பாக்கிகளில் குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் விலகிப் போவதும் அப்போதுதான். 250 கிரெயின் குண்டும் 100 கிரெயின் மருந்தும் 100 கெஜத்தில் நிற்கும் மானுக்கு வேண்டியதற்கு மேலேயே செய்யும். 80-ல் தொடங்கி மேலே போங்கள், எந்த அளவில் குண்டுகள் குறியில் நெருக்கமாகப் படுகின்றனவோ அங்கே நில்லுங்கள். கையேட்டில் உள்ள உச்ச அளவை எந்தக் காரணத்துக்கும் தாண்ட வேண்டாம்.

வீட்ல சாதாரண ரைஃபிள் பவுடர் இருக்கு. கொஞ்சமா போட்டா என்ன?

குழல் வெடிக்கும். கையோ கண்ணோ போகும். சாதாரண ரைஃபிள் பவுடர், அதாவது ஸ்மோக்லெஸ் பவுடர், எழுப்பும் அழுத்தத்தைச் சாதாரண மசில்லோடர் தாங்காது. "கொஞ்சமா" என்ற அளவே இதில் கிடையாது. ஸ்மோக்லெஸ்ஸுக்கென்றே வடிவமைத்த துப்பாக்கிகள் சில உண்டு. அவற்றில் பெயர்பெற்றது சாவேஜ் 10எம்எல்-2, இப்போது தயாரிப்பில் இல்லை. உங்கள் குழலில் அப்படித் தெளிவாக எழுதியிராவிட்டால் அந்த டப்பாவை வேறு அலமாரியில் வையுங்கள், கைமறதிக்குக்கூட இடம் வேண்டாம்.

குண்டு விஷயத்துல குழப்பமா இருக்கு. சபோன்னா என்ன?

சபோ என்பது பிளாஸ்டிக் கிண்ணம். .50 குழலுக்குள் .45 குண்டை அது பிடித்துக்கொண்டு போய், வாயை விட்டு வெளியேறியதும் கழன்று விழும். குண்டு வரிகளைத் தொடுவதே இல்லை, பிளாஸ்டிக்தான் தொடுகிறது. ஹார்னடி எஸ்எஸ்டி, பார்ன்ஸ் செம்புக் குண்டுகள் இந்த வகை. பவர்பெல்ட் போன்றவை குழலின் முழு அகலக் குண்டுகள், அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி, இறக்குவது சுலபம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, அங்கே செம்புதான்.

250 முதல் 300 கிரெயினுக்குள் இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். இறக்கும்போது ஒரே சீரான அழுத்தம் வேண்டும். தானாக வழுக்கி விழுந்தால் தளர்வு. உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டியிருந்தால் காட்டில் உங்களால் முடியாது. பயிற்சியின்போது குழலை ஆறவிடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினால் குறி அலையும்.

ஸ்கோப் மாட்டலாமா?

கிழக்கில் பெரும்பாலும் மாட்டலாம். மேற்கில் நிலைமை வேறு. கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் வெறும் இரும்புக் குறிதான் (லென்ஸ் இல்லாதது). சபோவும் பெல்லட்டும்கூடக் கூடாது. யூட்டா 2016-ல் உருப்பெருக்கும் ஸ்கோப்பை அனுமதித்தது, 2024-ல் திரும்ப எடுத்துக்கொண்டது. ஐடஹோ இன்னும் கறார்: மசில்லோடருக்கு மட்டும் ஒதுக்கிய வேட்டையில் 209 பிரைமர் கூடாது, பற்றவைக்கும் இடம் வெளியே திறந்திருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் கழிந்து வரும் பருவத்துக்குச் சிக்கிமுக்கித் துப்பாக்கியே வேண்டும், அங்கே இன்லைனுக்கு வேலை இல்லை.

ஆகவே, வாங்கும் முன் எந்த மாநிலத்தில் சுடப்போகிறோம் என்பதை முடிவுசெய்யுங்கள். நல்ல இரும்புக் குறியோடு வரும் துப்பாக்கி எங்கும் உதவும்; அது இல்லாத மாடல்கள் இப்போது நிறைய வருகின்றன.

200 கெஜம் அடிக்கும்னு விளம்பரத்துல சொல்றாங்களே?

துப்பாக்கி அடிக்கும். மேலே சொன்ன 100 கிரெயின், 250 கிரெயின் குண்டுக் கணக்கில், 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்திருந்தால் 200-ல் குண்டு ஓர் அடிக்கும் மேல் தாழ்ந்திருக்கும். தூரத்தை 20 கெஜம் தப்பாகக் கணித்தாலே மானின் காலில் படும், அல்லது வயிற்றில். இரண்டாவது குண்டும் உடனே இல்லை. என் கணக்கில் 150 கெஜம் எல்லை, ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் காட்டும் கருவி) கையில் இருந்தால். சுட்டதும் முன்னால் வெள்ளைப் புகைத் திரை நிற்கும். குனிந்து அதன் அடியில் பாருங்கள், மான் எந்தப் பக்கம் ஓடியது என்று அப்போதுதான் தெரியும்.

விசையை இழுத்தேன், "டிக்"னு மட்டும் சத்தம். என்ன பண்றது?

அசையாதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருங்கள். உள்ளே புகைந்துகொண்டிருந்து தாமதமாக வெடிக்கக்கூடும். அதன் பிறகு பிரைமரை மாற்றி மீண்டும் முயலுங்கள். பிரைமர் பற்றியும் மருந்து பற்றவில்லை என்றால் பிளக்கின் துளை அடைத்திருக்கலாம், மருந்து ஈரமாகியிருக்கலாம், அல்லது மருந்தே போடாமல் குண்டை இறக்கியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் நடக்கிறது.

ராம்ராட்டில் இரண்டு கோடு போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை: வெற்றுக் குழலில் கம்பி நிற்கும் இடத்துக்கு ஒன்று, உங்கள் வழக்கமான மருந்தும் குண்டும் உட்கார்ந்ததும் நிற்கும் இடத்துக்கு ஒன்று. இரட்டை லோடு போட்டிருந்தாலும், குண்டு பாதியில் நின்று மருந்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் கோடு காட்டிக்கொடுக்கும். அந்த இடைவெளியோடு சுட்டால் குழல் உப்பிவிடலாம்.

மழையிலயும் பனியிலயும் மருந்து நனையாதா?

குழல் வாயில் ஒரு துண்டு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டுங்கள். கழற்றாமலே சுடலாம், வெடிக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைப் பிய்த்துவிடும். மழையைவிட மோசம் வீட்டுச் சூடு. லோடு செய்த துப்பாக்கியைக் குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் வியர்க்கும். பிரைமரைக் கழற்றிவிட்டு, பூட்டிய குளிர்ந்த இடத்திலேயே வைப்பவர்கள் அதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். பல மாநிலங்களில் பிரைமர் கழற்றினாலே லோடு இல்லாததாகக் கணக்கு, எல்லாவற்றிலும் அல்ல.

சுத்தம் பண்றது பெரிய தலைவலின்னு சொல்றாங்க. தள்ளிப்போடலாமா?

கூடாது. கருமருந்தின் கரியும் பெரும்பாலான மாற்றுகளின் கரியும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓரிரு நாளில் துரு பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் தாமதப்படுத்தும், தடுக்காது. சுட்ட அன்றே பிளக்கைக் கழற்றி, சூடான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் பின்னாலிருந்து ஓட்டுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை ஓட்டி, காயவைத்து, எண்ணெய். பிளக் மரையில் புதிதாக ஆன்டி-சீஸ் கிரீஸ் (மரை சிக்காமல் தடுப்பது) தடவாமல் மாட்டினால் அடுத்த தடவை அது வராது. பிளக்கின் நடுத்துளையைக் கையால் ஒரு சிறு டிரில் முனையைத் திருகிச் சுத்தம் செய்யலாம். மறுபடி சுடும் முன் குழலிலிருந்து எண்ணெயைத் துடைத்தெடுங்கள். மருந்து பற்றாததற்கு மிஞ்சிய எண்ணெயும் ஒரு காரணம்.

நாள் முழுக்க மான் வரலை. உள்ளே இருக்கிற லோடை எப்படி எடுக்கிறது?

பின்னால் மண் மேடு இருக்கும் பாதுகாப்பான இடத்தில் சுட்டுவிடுவதுதான் எளிது, அங்கே சுட அனுமதி இருந்தால். இல்லையென்றால் பிரைமரைக் கழற்றி, கையேடு சொல்கிறபடி பிளக்கைத் திறந்து, மருந்தையும் குண்டையும் பின்பக்கமாகத் தள்ளி எடுக்கலாம். முதல் கேள்விகளில் பிளக்கைப் பற்றி அவ்வளவு சொன்னதன் இன்னொரு பயன் இது.

இதற்காகவே ஃபெடரலும் டிரடிஷன்ஸும் 2020-ல் ஃபயர்ஸ்டிக் என்ற முறையைக் கொண்டுவந்தன: அளந்த மருந்து பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து வரும், அதைப் பின்னாலிருந்து செருக வேண்டும், குண்டு மட்டும் வாய் வழியாக. குச்சியை உருவினால் வேலை முடிந்தது. வசதிதான். ஆனால் அதை மசில்லோடர் என்று எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொள்ளவில்லை.

விமானத்துல எடுத்துட்டுப் போகலாமா?

காலித் துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் போட்டு, கவுன்டரில் சொல்லி, செக்-இன் பையாக அனுப்பலாம். மருந்தும் பிரைமரும் எந்தப் பையிலும் கூடாது. போகும் ஊரில் வாங்குங்கள், அங்கே உங்கள் வகை கிடைக்குமா என்று முன்கூட்டியே கடைக்குப் போன் செய்து கேளுங்கள்.

யூஸ்டு ஒண்ணு பாதி விலைக்கு வருது. எடுக்கட்டுமா?

விற்பவர் பிளக்கை உங்கள் கண்முன் கழற்றிக் காட்டினால் பேசலாம். "அது கொஞ்சம் டைட்டு, வீட்ல போய்க் கழட்டிக்கலாம்" என்றால் வந்த வழியே திரும்புங்கள். கழன்றால், வாய்ப்பக்கம் விளக்கைக் காட்டிப் பின்னாலிருந்து பாருங்கள். வரிகள் பளிச்சென்று ஓட வேண்டும். பிளக்குக்குச் சற்று முன்னால் இருக்கும் மூன்று நான்கு அங்குலத்தில்தான் துருக்குழி முதலில் விழும். பிறகு இறுக்கமான துணியைக் கம்பியில் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள்: நடுவில் ஓரிடத்தில் சட்டென்று தளர்ந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மிச்சமெல்லாம் சரியாக இருந்தும் பிளக் மட்டும் தேய்ந்திருந்தால் பேரம் பேசி வாங்கலாம். புதுப் பிளக் தனியாகக் கிடைக்கும், அந்த மாடல் இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.